அம்புக்குறிக் கணக்கு

போன மாதக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடத்தை முதல் பாடமாக வைத்தவர் யாரோ, அவருக்குக் குழந்தைகள் மேல் ஏதோ பழைய கோபம் இருந்திருக்க வேண்டும் என்று. எழுதியதை நானே மறந்து போனேன். ஆனால் நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் மறக்கவில்லை. நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கணக்கு வாத்தியார் கடிதம் அல்லவா? வாதங்களுக்கு எண் போட்டு, அடியில் கோடு கிழித்து, கடைசியில் 'ஆகவே' என்று முடித்திருக்கிறார். அந்த 'ஆகவே'க்குக் கீழே இருந்த விஷயம் இதுதான்: கதை எழுதுகிறவர் கதை எழுதிக்கொண்டிருப்பதே கௌரவம், கணக்கைக் கணக்குத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவது நலம்.

நியாயமான பேச்சுத்தான். ஆனால் சோறு வேகவில்லை என்று சொல்லச் சமையல் தெரிந்திருக்க வேண்டுமா? பல்லில் அரிசி கடிபட்டால் போதாதா? எனக்குக் கடிபட்டது இரண்டு முறை. முதல் தடவை என் சொந்தப் பல்லில். இரண்டாவது தடவை எதிர் வீட்டுக் குழந்தையின் பல்லில். இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நண்பர் எட்டுப் பக்கத்துக்கு எழுதட்டும்.

என் காலத்தில் பள்ளிக்கூடம் பதினோரு வகுப்போடு முடிந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பி.யு.சி. வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கணக்கில் நான் மட்டம் அல்ல. வட்டிக் கணக்கும், இரண்டு குழாய்கள் தொட்டியை நிரப்பும் கணக்கும், எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் வரும் கணக்கும் எனக்குக் கதை மாதிரியே இருக்கும். முதல் நாள், ஒரு விரிவுரையாளர் வந்தார். பெயர் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம். கரும்பலகை பக்கம் திரும்பி, எங்கள் முகத்தைப் பார்க்காமலே ஓர் இலக்கணம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, 'இதுதான் ஃபங்ஷன்' என்றார். பின் பெஞ்சியில் ஒருவன், 'யார் வீட்டில் ஸார்?' என்று மெதுவாகக் கேட்டான். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் 'எஃப்' போட்டு, அடைப்புக்குறிக்குள் 'எக்ஸ்' போட்டிருந்தார். அந்த எஃப்பையும் எக்ஸையும் பெருக்க வேண்டும் என்று நான் ஒரு மாதம் வரையில் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருக்கினால் விடை வரவில்லை. வராததற்குக் காரணம் என் மூளை என்று முடிவு செய்து, அடுத்த வருஷம் தமிழ் இலக்கியத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தமிழ் வாசகர்களுக்கு அதனால் லாபமா நஷ்டமா என்பதை அவர்களே சொல்லட்டும்.

இது நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. அந்தக் கரும்பலகை மட்டும் மாறவில்லை. வயதில்தான் கீழே இறங்கியிருக்கிறது. அன்று பதினாறு வயதுப் பையன்களுக்குச் சொன்னதை இன்று பதினாலு முடிந்து பதினைந்து தொடங்கும் குழந்தைகளுக்குச் சொல்லுகிறார்கள்.

2022-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், எதிர் வீட்டுப் பெண் பாடநூலை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் அப்பா ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர். இரவு எட்டு மணிக்குத்தான் வருவார். "தாத்தா, இதிலே ஒரு சந்தேகம்" என்று பிரித்து வைத்தாள். 2019-இல் புதிதாக வந்த பத்தாம் வகுப்புப் புத்தகம். முதல் பாடம்: உறவுகளும் சார்புகளும்.

உறவு என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நம் தொழிலே உறவுகளைப் பற்றி எழுதுவதுதானே? பார்த்தால், இது வேறு உறவு. ஒரு கோழிமுட்டை, அதன் பக்கத்தில் இன்னொரு கோழிமுட்டை. இந்த முட்டைக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. அந்த முட்டைக்குள் நாலு எண். இங்கிருந்து அங்கே அம்புகள். சார்பு என்பதற்கு முன்னால் உறவு. உறவுக்கு முன்னால் கார்ட்டீசியன் பெருக்கல். அதற்கு முன்னால் வரிசைச் சோடி. இப்படி வாசற்படி வாசற்படியாக ஏறி வந்தால்தான் வீட்டுக்குள் நுழையலாம்.

"சார்பு என்றால் என்னம்மா?" என்று கேட்டேன்.

மூச்சு விடாமல் சொன்னாள். வெறுமையில்லாத இரண்டு கணங்கள், முதல் கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டாவது கணத்தில் ஒரே ஓர் உறுப்பு, என்று ஆரம்பித்து ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். சகஸ்ரநாமம் சொல்லும் பாட்டிகூட நடுவில் ஒரு தரம் மூச்சு வாங்குவாள்.

"சரி, எதற்காக இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அஞ்சு மார்க் தாத்தா. அதே சார்பை வரிசைச் சோடி, அட்டவணை, அம்புக்குறிப் படம், வரைபடம் என்று நாலு விதமாக எழுதச் சொல்லுவாங்க. எனக்கு அது வந்துடும். இந்த ஒன்றுக்கொன்று, மேல் சார்பு, இதுங்கதான் குழம்புது. எனக்குக் கணக்கு வராது தாத்தா."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஜூன் மாதம் வரையில் இந்தப் பெண் அப்படிச் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறுக்குமேல் வாங்கியவள். ஒரு பாடம் அவளைப் பற்றிய ஓர் அபிப்பிராயத்தை அவளுக்கே கொடுத்துவிட்டது. சம்பாதித்த அபிப்பிராயம் அல்ல, சுமத்தப்பட்ட அபிப்பிராயம். நண்பர் நான்கு பக்கத்தில் பதில் சொல்லாத கேள்வி இதுதான்.

இப்போது 'சார்பு' என்ற சொல்லுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு. ஆங்கிலத்தில் படிக்கிற குழந்தைகளுக்கு 'ஃபங்ஷன்' என்றால் நிச்சயதார்த்தமும் ஜவுளிக்கடையும் ஞாபகம் வருகின்றன. பாவம், அது அவர்கள் தலையெழுத்து. தமிழில் படிக்கிற குழந்தைக்கு எவ்வளவு அருமையான சொல் கிடைத்திருக்கிறது! ஒன்றைச் சார்ந்து இன்னொன்று நிற்பது. தானாக நிற்க முடியாமல் வேறு எழுத்தைச் சார்ந்து வருவதைச் சார்பெழுத்து என்று தொல்காப்பியர் காலத்திலிருந்தே சொல்லி வருகிறோம். அவர் மூன்று என்றார், நன்னூலார் பத்து என்றார். ஆறாம் வகுப்பில் தமிழ் அம்மாள் சொல்லிக்கொடுத்த அதே சார்பு பத்தாம் வகுப்பில் கணக்கு ஸார் வாயில் வருகிறது. 'ஏனம்மா, சார்பெழுத்து படித்தாயே, அதே சார்புதான். இங்கே ஓர் எண் இன்னோர் எண்ணைச் சார்ந்து நிற்கிறது' என்று சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அந்த அரை நிமிஷம் எத்தனை வகுப்புகளில் கிடைக்கிறது? சொல் வாசலில் நின்று கூப்பிடுகிறது. நாம் கொல்லைப்புறமாக முட்டைப் படம் வழியாகக் குழந்தையை இழுத்துக்கொண்டு போகிறோம்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் புத்தகத்தை மூடச் சொன்னேன். "உங்கள் வீட்டு மீட்டர் அட்டையைக் கொண்டு வா" என்றேன். மின்சார வாரியத்து ஆள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து ரீடிங் எழுதிவிட்டுப் போவாரே, அந்த வெள்ளை அட்டை. அவள் ஏதோ கிழத்துக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். இருந்தாலும் கொண்டுவந்தாள்.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் வீட்டு மின்சாரக் கட்டணத்தை மாற்றியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு அதே பேச்சு. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரையில் இலவசம். அதற்கு மேல் இருநூறு வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. அங்கிருந்து நானூறு வரை நாலரை ரூபாய். அங்கிருந்து ஐந்நூறு வரை ஆறு ரூபாய். ஆனால் ஐந்நூறைத் தாண்டிவிட்டால் கதை வேறு. அந்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகை பறந்துவிடும். நூற்றொன்றாவது யூனிட்டிலிருந்தே நாலரை ரூபாய். ஐந்நூற்றொன்றாவது யூனிட் எட்டு ரூபாய்.

"ஐந்நூறு யூனிட்டுக்கு எவ்வளவு?" என்றேன்.

விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள்: "முதல் நூறு சும்மா. இருநூத்தி இருபத்தஞ்சு. அப்புறம் தொள்ளாயிரம். அப்புறம் அறுநூறு. ஆயிரத்து எழுநூத்தி இருபத்தஞ்சு."

"ஐந்நூற்றொன்றுக்கு?"

காகிதம் எடுத்தாள். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது, அறுநூறு, எட்டு. கூட்டினாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு!" என்று கத்தினாள். "தாத்தா, ஒரு யூனிட்டுக்கு இருநூத்தி முப்பத்து மூணு ரூபாயா? அதனால்தான் அப்பா மாசக் கடைசியிலே ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வந்து ஏ.ஸி.யை அணைக்கிறாரா!"

ஒரு வரைபடம் போடச் சொன்னேன். போட்டாள். நூறு வரையில் தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் கோடு. பிறகு சாய்வாக ஏறும். இன்னும் செங்குத்தாக ஏறும். ஐந்நூறில் விட்டுப் போய், ஒரு சாண் உயரத்தில் மறுபடி தொடங்கும். அது ஒரு சார்பு. அதன் சித்திரம் அவள் கையால் போட்டது. அவள் அப்பாவின் தூக்கம் அதில் இருக்கிறது.

"ஒரே ரீடிங்குக்கு இரண்டு பில் வந்தால்?"

"அப்பா இ.பி. ஆபீசுக்குப் போய்ச் சண்டை போடுவார்."

"ஏன்?"

"ஒரு ரீடிங்குக்கு ஒரு பில்தானே தாத்தா வரணும்?"

மூச்சு விடாமல் ஒப்பித்தாளே, அந்த இலக்கணம் முழுதும் இவ்வளவுதான். ஒவ்வொரு ரீடிங்குக்கும் ஒரு பில் உண்டு. ஒரே ஒரு பில்தான் உண்டு. வரைபடத்தின் மேல் செங்குத்தாக ஒரு கோட்டை நகர்த்திப் பார்க்கச் சொல்லிப் புத்தகம் ஒரு சோதனை வைத்திருக்கிறது. அந்தச் செங்குத்துக் கோடு வேறு ஒன்றும் இல்லை, சண்டை போடப் போகும் அப்பாதான்.

"பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பில் பூஜ்யம். அவர் எத்தனை யூனிட் செலவழித்தார்?"

"அது எப்படிச் சொல்றது? நாப்பதும் இருக்கலாம், தொண்ணூறும் இருக்கலாம்."

இதுதான் ஒன்றுக்கொன்று அல்லாத சார்பு. விடையைப் பார்த்து வினாவைச் சொல்ல முடியாத சார்பு.

"எந்த வீட்டுக்காவது அந்த விகிதத்தில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பில் வருமா?"

யோசித்தாள். படத்தைப் பார்த்தாள். கோடு அறுந்து கிடந்த இடத்தில் விரலை வைத்தாள். "வராது தாத்தா. ஆயிரத்து எழுநூத்தி இருபத்தஞ்சுக்கு மேலே அடுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டுதான். நடுவிலே யாருக்குமே வராது." பிறகு, ஏதோ தலையில் தட்டியது போல, "அப்போ இது மேல் சார்பு இல்லையா?" என்றாள்.

அவள் அப்பா ஏ.ஸி.யை எத்தனை மணி ஓட்டுகிறார் என்பதைச் சார்ந்து யூனிட். யூனிட்டைச் சார்ந்து ரூபாய். சார்புகளின் சேர்ப்பும் ஆயிற்று. முக்கால் மணி நேரத்தில் பாடம் முடிந்தது. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. அவளுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருந்தது. தனக்குத் தெரியும் என்பது மட்டுந்தான் தெரியாமல் இருந்தது.

நண்பருடைய கடிதத்தில் முதல் வாதம்: இலக்கணம் கறாராக இருக்க வேண்டும், மின்சார பில்லை வைத்துக் கணிதம் வளராது. கறார் வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் அந்தக் கறார் எப்படி வந்தது என்று பார்த்தால் நண்பர் என் கட்சிக்கு வந்துவிடுவார்.

ஃபங்ஷன் என்ற சொல்லை 1673-இல் லைப்னிட்ஸ் எழுதி வைத்தார். ஆய்லர் என்ற மகான் 1734-இல் எஃப் போட்டு அடைப்புக்குறிக்குள் எக்ஸ் போட்டார். என்னைத் தமிழ் இலக்கியத்துக்கு அனுப்பியவர் அவர்தான். அதே ஆய்லர் 1748-இல், சார்பு என்றால் ஒரு சூத்திரம் என்றார். ஏழே வருஷம் கழித்து 1755-இல், இல்லை, ஓர் அளவு மாறும்போது அதைச் சார்ந்து இன்னோர் அளவு மாறினால் அது சார்பு என்று மாற்றிக்கொண்டார். ஏன் மாற்றினார்? நடுவில் ஒரு தந்தி வந்து சேர்ந்தது. தபால் தந்தி அல்ல. தம்பூராத் தந்தி மாதிரி இரண்டு பக்கமும் கட்டிய தந்தி. அதை நடுவில் பிடித்து இழுத்தால் கூரை மாதிரி கூர்மையாக நிற்கிறது அல்லவா? ஒரே சூத்திரத்துக்குள் அடங்காத அந்த வடிவம் சார்பா இல்லையா என்று தாலம்பேருக்கும் ஆய்லருக்கும் தானியேல் பெர்னூலிக்கும் பெரிய வழக்கு. இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரியவர்களே ஒருவரோடொருவர் முட்டிக்கொண்ட விஷயமா இது! பிறகு ஃபூரியே 1822-இல் வெப்பத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தால் குழப்பம் இன்னும் முற்றியது. டிரிக்லே 1829-இல் ஒரு விபரீதச் சார்பைக் காட்டினார்: விகிதமுறு எண்ணாக இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் வேறு விடை. அதை எந்தப் பேனாவாலும் வரைய முடியாது. கடைசியில் 1939-இல், பூர்பாக்கி என்ற புனைபெயரில் கூட்டாக எழுதிய ஃபிரெஞ்சுக் கணித மேதைகள், நம் குழந்தைகள் ஒப்பிக்கிற 'ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒன்று' என்ற வடிவத்தில் அதை அச்சேற்றினார்கள். (புனைபெயரில் எழுதுவது கதைக்காரர்களுக்கு மட்டுமே உரிய வியாதி என்று நினைத்திருந்தேன்.)

ஆக, 1673-இலிருந்து 1939 வரை இருநூற்று அறுபத்தாறு வருஷம். மேதைகள் இடித்து, விழுந்து, எழுந்து, சண்டை போட்டு, கடைசியில் வந்து சேர்ந்த வாக்கியத்தை நாம் ஜூன் மாதம் முதல் வாரம், புத்தகத்துக்கு இன்னும் அட்டை போடாத குழந்தையிடம் கொடுக்கிறோம். வரைய முடியாத சார்பு வந்து தொல்லை கொடுத்ததால் அந்தக் கறார் வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை இந்தக் குழந்தைக்கு எங்கே வந்தது? காய்ச்சல் வராதவனுக்குக் கசப்பு மருந்து கொடுத்துவிட்டு, அவன் முகத்தைச் சுளித்தால் ருசி அறியாதவன் என்பது என்ன நியாயம்?

சார்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரவே கூடாது என்று நான் சொல்லுவதாக நண்பர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அது என் கட்சியே அல்ல. ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் க்ளைன் என்ற கணித மேதையும் அவர் தோழர்களும் 1905-இல் மெரான் நகரத்தில் ஒரு பாடத்திட்டம் வகுத்தார்கள். சார்பு என்ற எண்ணமே பள்ளிக் கணிதத்துக்கு நடுத்தூணாக இருக்கவேண்டும் என்றார்கள். எனக்குப் பரிபூரண சம்மதம். ஆனால் அவர்கள் கேட்டது அப்படி நினைக்கும் பழக்கத்தை. ஒன்று மாறினால் இன்னொன்று எப்படி மாறுகிறது என்று எதைப் பார்த்தாலும் கேட்கும் பழக்கத்தை. ஒப்பிக்கும் பழக்கத்தை அல்ல.

பழக்கத்தை இலக்கணமாக மாற்றியது பிறகு வந்தவர்கள். 1957 அக்டோபரில் ருஷ்யா ஸ்புட்னிக்கை வானத்தில் ஏற்றியது. அமெரிக்காவுக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த வருஷமே பள்ளிக் கணிதத்தைத் திருத்த ஒரு குழு கிளம்பிற்று. 1959-இல் ஃபிரான்ஸில் ரோயோமோன் என்ற இடத்தில் கூடிய மகாநாட்டில் த்யூதோனே என்ற பூர்பாக்கிக்காரர், யூக்ளிட் ஒழிய வேண்டும் என்று முழங்கினார். 'புதுக் கணிதம்' என்ற பெயரில் சின்னக் குழந்தைகளுக்குக்கூடக் கணம், வெட்டு, சேர்ப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. வீட்டுப் பாடத்தில் உதவ முடியாமல் பெற்றோர்கள் விழித்தார்கள். மாரிஸ் க்ளைன் என்ற கணிதப் பேராசிரியரே 1973-இல் அந்தக் கூத்தைச் சாடி ஒரு புத்தகம் எழுதினார். கொஞ்சகாலத்தில் அந்த ஊர்க்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அலை நம் கரைக்கும் வந்தது. அங்கே அலை திரும்பிப் போய்விட்டது. இங்கே நுரை நின்றுவிட்டது.

நமக்கு இந்த விஷயம் வெளியூர்ச் சரக்கு என்று எண்ணினால் அதுவும் தப்பு. ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலில் இருபத்து நாலு எண்கள் வருகின்றன: 225, 224, 222, 219, 215 என்று. கோணம் சம அளவில் ஏற ஏற, ஜ்யா என்ற அளவு ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்கு அது. முதலில் எகிறி, வரவர அடங்கி ஏறுகிற ஏற்றம். அதைப் படித்தாலே மலை ஏறுகிறவன் மூச்சு வாங்குவது காதில் விழும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியோடு குழிமாற்று என்று ஒன்று மனப்பாடம் செய்தார்கள். பக்கத்தின் நீளத்தைச் சொன்னால் நிலத்தின் குழியைச் சொல்லும் வாய்பாடு. அதுவும் சார்புதான். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படை, சந்திரன் இருக்குமிடத்தை நாளுக்கு ஒன்றாகச் சொல்லும் 248 வாக்கியங்கள். எழுத்துக்களே எண்கள், பாட்டைச் சொன்னால் சந்திரன் எங்கே என்று தெரியும். ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் 1825-ஆம் வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். காகிதம் கிடையாது, எழுதுகோல் கிடையாது. தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனத்திலிருந்து எடுத்துப் போட்டுக் கணித்தாராம். கிரகணம் பிடிக்கிற நேரத்தில் பிசகு நாலு நிமிஷந்தான். விடுகிற நேரத்தில் பிசகு ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நண்பர் இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் பிடித்துக்கொள்வார். அந்தப் பஞ்சாங்கக்காரரிடம் போய், 'ஐயா, உங்கள் சார்பின் துணை மதிப்பகம் எது?' என்று கேட்டிருந்தால் சோழியை எடுத்து நம் தலையில் போட்டிருப்பார்.

நண்பரின் இரண்டாவது வாதம்: புத்தகத்தில் நடைமுறை உதாரணங்கள் இருக்கின்றன, நான் பார்க்கவில்லை. பார்த்தேன். இருக்கின்றன, போட்டவர்கள் நல்ல மனசோடுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் கல்யாண வீட்டில் பாயசம் கடைசியில் வருகிறது. அதற்குள் பாதிப் பேர் கை கழுவி எழுந்துவிடுகிறார்கள். பரீட்சையில் கேட்பது முட்டையும் அம்பும். நாற்பது பேருக்கு முக்கால் மணி நேரமும், முடிக்க வேண்டிய பாடங்களும், மேலே இருந்து கேட்கப்படும் தேர்ச்சி விகிதமும் கழுத்தைப் பிடிக்கும் போது எந்த வாத்தியார் மீட்டர் அட்டையைக் கையில் எடுப்பார்? அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுக்கிய வரிசையின் மேல்தான் கோபம். உதாரணம் முன்னால் வரட்டும், வரைபடம் அடுத்து வரட்டும், அட்டவணை அதற்கடுத்து வரட்டும். முட்டையும் அம்பும் வரிசைச் சோடியும் பதினோராம் வகுப்பில் மறுபடியும் வரத்தான் போகின்றன. அங்கே, கணக்கை விரும்பி எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம் சொல்லட்டும். இதனால் எந்தக் கல்லூரியும் இடிந்து விழாது.

மூன்றாவது வாதம் வலுவானது. மின்சார பில்லை வைத்துக் கற்ற பிள்ளை, சார்பு என்றாலே ரூபாய்க் கணக்கு என்று நினைத்துவிடாதா என்கிறார். நினைத்துவிடலாம். அந்த ஆபத்து எனக்கும் புரிகிறது. அதனால் ஓர் உதாரணம் போதாது, பத்து வேண்டும். குழந்தை வளர்ந்த உயரம், குழாயடியில் நிரம்பும் குடம், ஆறிப்போகும் காபி. காபியை மட்டும் ஒரு வகுப்பு நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். முதலில் விறுவிறுவென்று சூடு இறங்கும், பிறகு தயங்கித் தயங்கி இறங்கும். பத்தையும் பார்த்த குழந்தையே, 'இதிலெல்லாம் பொதுவாக ஒன்று இருக்கிறதே' என்று கேட்கும். கேட்ட அந்தக் கணத்தில் இலக்கணத்தைக் கொடுத்தால் அது பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும்.

அந்த டிசம்பரில் அரைப் பரீட்சை வந்தது. மேல் சார்பு அல்லாத ஒரு சார்புக்கு உதாரணம் தருக என்று ஒரு கேள்வி. எதிர் வீட்டுப் பெண் மின்சாரக் கட்டணத்தை எழுதி, அறுந்த கோட்டோடு வரைபடமும் போட்டு, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பில் ஏன் யாருக்கும் வராது என்று மூன்று வரியில் காரணமும் எழுதியிருந்தாள். திருத்திய விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். படத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், 'பாடநூலில் உள்ளபடி எழுதவும்.' மார்க் பூஜ்யம். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு பள்ளிக்கூடத்தின் குற்றமாகிவிடும். திருத்தினவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை கட்டு பாக்கி இருந்ததோ!

"நீ எழுதினது சரிதான் அம்மா, போய்க் கேள்" என்றேன்.

"வேண்டாம் தாத்தா" என்றாள். கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பொதுப் பரீட்சையில் சார்பை நாலு விதமாகவும் எழுதி நல்ல மார்க் வாங்கினாள். பதினோராம் வகுப்புக்கு விண்ணப்பம் போடும்போது கணக்குப் பிரிவு கிடைக்கும் என்று அவள் அப்பா சொன்னார், நானும் சொன்னேன். "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிட்டு, கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவை எடுத்துக்கொண்டாள். வணிகவியலில் குறை ஒன்றும் இல்லை. இப்போது பி.காம். படிக்கிறாள், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.

2024 ஜூலையில் மறுபடி மின்சாரக் கட்டணத்தை மாற்றினார்கள். அந்த வாரம் அவர்கள் வீட்டுக்குக் காபிக்குப் போயிருந்தேன். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு கட்டக் காகிதம் ஒட்டியிருந்தது. புது விகிதத்துக்கு வரைபடம். கோடு அறுகிற இடத்தில், கீழ்ப் புள்ளியை மையால் நிரப்பி, மேல் புள்ளியை வெறும் வட்டமாக விட்டிருந்தாள். ஐந்நூறு யூனிட் சரியாக வந்தால் கீழ்க் கட்டணந்தான், மேல் கட்டணம் இல்லை என்று அர்த்தம். அந்த வழக்கத்தை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலை தாத்தா. அப்பாவுக்குக் குழப்பம் வரக்கூடாதுன்னு போட்டேன்" என்றாள்.